கடாரத்தை மீட்டெடுத்த நூல்கள்

பினாங்கின் வரலாறு 1786ஆம் ஆண்டில், பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய நாளில்தான் தொடங்கியது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், வானம் தெளிந்திருக்கும் நாளில் பினாங்குக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால், கெடா மாநிலத்தின் ஜெராய் மலை நீல நிறத்தில் தெரியும். 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக விளங்கியது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. லைட் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அங்கு ஒரு துறைமுக நாகரிகம் செழித்திருந்தது. அந்நாட்டைத் தமிழர் கடாரம் என்று அழைத்தனர்.

இத்தகைய நாகரிகம் எவ்வாறு மறக்கப்பட்டது? வாணிகம் வேறு துறைமுகங்களுக்கு இடம் பெயர்ந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் மண், கடலோரத்தின் வடிவத்தையே மாற்றியது. செங்கற் கட்டடங்களைக் காடு மூடிக்கொண்டது. மரத்தால் கட்டிய வீடுகளோ சுவடின்றி மக்கிப் போயின. எஞ்சியவை சில மேடுகளும் உடைந்த கற்களுமே.

மறைந்த வரலாற்றை மீட்கும் பணி, ஒரு கல்லிலிருந்து தொடங்கியது எனலாம். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். அது கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெரும் கப்பல் தலைவன், தன் கடற்பயணம் நலமாக அமைய வேண்டி அக்கல்லைப் பொறிக்கச் செய்தான். அக்கல் இன்று கொல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பின்னர், குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தம் மனைவியுடன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தார். முப்பது இடங்களுக்கு எண்ணிட்டு, தாம் கண்டவற்றை 1940இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1918இல், ஜார்ஜ் செடேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, ஸ்ரீவிஜயம் என்ற மறந்துபோன கடல் பேரரசை உலகுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தைத் தாக்கிய செய்தி, தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் காணப்படுகிறது. மலேசியாவைச் சேர்ந்த டத்தோ வீ. நடராஜன், 'சோழன் வென்ற கடாரம்' என்ற நூலின்வழி இவ்வரலாற்றைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தார்.

இத்தகைய நூல்களால் விளையும் முதல் நன்மை, சிதறிய சான்றுகளை அவை ஒன்று சேர்ப்பதாகும். கல் கொல்கத்தாவில் இருக்கிறது. மெய்க்கீர்த்தி தஞ்சையில் இருக்கிறது. கோவிலின் அடித்தளம் கெடாவில் இருக்கிறது. இவற்றைத் தனித்தனியே பார்ப்பவருக்கு முழுக் கதையும் விளங்காது. நூல் அவற்றை ஒரே இழையில் கோத்துத் தருகிறது.

இரண்டாவதாக, அவை பழைய கருத்துகளைத் திருத்திக்கொள்ள உதவுகின்றன. பூஜாங்கின் கோவில்களை இந்தியக் குடியேறிகளின் படைப்பாகவே வேல்ஸ் கருதினார். பின்வந்த அறிஞர்களோ, உள்ளூர் மக்களே அயல்நாட்டுச் சமயத்தையும் கலையையும் ஏற்றுத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டனர் என்று விளக்கினர். 2009 முதல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுங்கை பத்துவில் அகழாய்வு செய்தனர். அங்கு இரும்பு உருக்கிய உலைகளும் களிமண் ஊதுகுழாய்களும் கிடைத்தன. கடாரம் கப்பல்கள் வந்து தங்கிச் சென்ற இடம் மட்டுமன்று. உழைத்துப் பொருள் செய்த மக்களின் ஊரும் ஆகும் என்பதை அவை காட்டின. ஆகவே, ஒரே நூலோடு நின்றுவிடாமல், வெவ்வேறு காலத்து நூல்களை ஒப்பிட்டுப் படிப்பதே சிறந்தது. வெற்றி கொண்டவனின் கல்வெட்டு அவன் பெருமையை மட்டுமே கூறும். தோற்றவர்களின் வாழ்வை மண்ணே கூறும்.

மூன்றாவது நன்மை, பாதுகாப்பு உணர்வு. 2013ஆம் ஆண்டின் இறுதியில், வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது, பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோவிலின் எச்சங்கள் இடிக்கப்பட்டன. அவ்விடம் பாதுகாக்கப்பட்ட தலமாக அப்போது அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மழையையும் காட்டையும் தாங்கி நின்ற செங்கற்கள் இயந்திரத்தின் முன் நிற்கவில்லை. செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்விடத்தின் மதிப்பை மக்கள் உணர்ந்திருந்ததற்கு, அதைப் பற்றி எழுதப்பட்டவையும் ஒரு காரணம். எனினும், அந்த அறிவு இன்னும் பரவலாக இருந்திருந்தால், இடிப்பதற்கு முன்பே அக்குரல் எழுந்திருக்கும்.

நூல் ஒருபோதும் இடிந்த கோவிலுக்கு ஈடாகாது. ஆனால், இருப்பவற்றின் மதிப்பை முன்கூட்டியே உணர்த்த நூலால் முடியும். பினாங்கு மாணவர்கள் பாலம் கடந்து வடக்கே சென்றால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மெர்போக்கிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தை அடையலாம். ஒன்றும் அறியாமல் செல்பவர் அங்குக் கற்குவியலையே காண்பார். ஒரு நூலையேனும் படித்துவிட்டுச் செல்பவர், அதே கற்களில் கடாரத்தைக் காண்பார்.