தனி வட்டில் மென்பொருள்: டைனி கோர் லினக்ஸின் வசதியும் அதன் விலையும்

விண்டோஸ் 10 இயங்கும் வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நீட்டித்துத் தந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 அன்று நின்றுபோகின்றன. அந்த ஆண்டின் தீபாவளி நவம்பர் 8 என்பதால், சிவகாசி வட்டாரப் பட்டாசுக் கடைகளில் ஆர்டர் கணக்கும், ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டுவிட்டு அச்சு வேலையில் மூழ்கியிருக்கும் நாட்காட்டி அச்சகங்களில் சரக்கு அனுப்பும் கணக்கும் உச்சத்தில் இருக்கும் வாரங்களில்தான் இந்தக் கெடுவும் வந்து விழுகிறது. ஆனைக்குட்டம் முதலிய ஊர்களிலிருந்து வரும் வாசகர் கடிதங்கள், பழைய கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றிக் கூடுதல் மென்பொருள்களைத் தனி வட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கின்றன. ஏற்றிப் பார்த்தவர்களோ, நேற்று இறக்கிய மென்பொருளை இன்று காணவில்லை என்கின்றனர்.

கெடு முடிந்த பிறகும் கணினி வழக்கம்போல் இயங்கும் என்ற மைக்ரோசாஃப்டின் விளக்கம் உண்மைதான் என்றாலும், அன்றைக்குப் பிறகு கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா என்பதால் அது பாதி உண்மையே. விண்டோஸ் 11க்கு மாறுங்கள் என்ற அறிவுரையும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் உள்ள கணினிகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே 'ஆதரவு இல்லாத கணினி' என்று அறிவிப்புகள் சொல்வது பெரும்பாலும் பழுதான கணினியை அன்று, விற்றவர் இனிமேல் கவனிக்க விரும்பாத கணினியையே குறிக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்து, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. பாஸுக்கு அடிப்படையான டெபியனோ முழு அளவு இயங்குதளம் என்பதோடு, 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவும் வழியையும் கைவிட்டுவிட்டது. டைனி கோர் லினக்ஸின் பெயர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தச் சூழலே காரணம்.

இணைப்பு எவ்வாறு நடக்கிறது?

டேம் ஸ்மால் லினக்ஸ் என்னும் 50 மெகாபைட் இயங்குதளத்தின் முதன்மை உருவாக்குநராக இருந்த ராபர்ட் ஷிங்கிள்டெக்கர், அதிலிருந்து விலகி 2008இல் தொடங்கியது டைனி கோர். வரைகலைத் திரையோடு கூடிய அதன் அடிப்படைத் தொகுப்பு இன்றும் 25 மெகாபைட்டுக்குள் அடங்குகிறது. கணினி துவங்கும்போது கருநிரலும் அடிப்படைக் கோப்புகளும் இரண்டே கோப்புகளிலிருந்து நினைவகத்துக்கு ஏறிவிடுகின்றன; அதன்பின் அவற்றைத் தாங்கிய வட்டு அந்த வேலைக்குத் தேவைப்படுவதில்லை. உலாவி, விரிதாள், அச்சுப்பொறி இயக்கி முதலான மற்றவை யாவும் நீட்சிகள் எனப்படும் தனித்தனிக் கோப்புகளாக, 'டிசிஇ' என்று பெயரிட்ட அடைவில் இருக்கின்றன. அந்த அடைவு எந்த வட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பயனரே முடிவுசெய்யலாம் என்பதால், தனி வட்டு என்பது இவ்வியங்குதளத்தில் பின்னால் ஒட்டவைத்த வசதியாக இல்லாமல் அதன் அமைப்பிலேயே பிறந்ததாக இருக்கிறது.

ஒவ்வொரு நீட்சியும் ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில் அழுத்திச் சுருக்கப்பட்ட, வாசிக்க மட்டுமே இயலும் ஒரு முழுக் கோப்பு முறைமையாகும். அதை ஏற்றும்போது இயங்குதளம் அக்கோப்பை விரித்துப் பரப்பி நிறுவுவதில்லை. அதையே ஒரு சிறு வட்டாகப் பாவித்து நினைவகத்தில் ஓரிடத்தில் பொருத்திவிட்டு, மென்பொருள்கள் வழக்கமாகத் தேடப்படும் இடங்களில் அந்த உள்ளடக்கத்தைக் காட்டும் குறியிணைப்புகளை, அதாவது கோப்பு வேறோரிடத்தில் உள்ளது என்று வழிகாட்டும் சிறு பதிவுகளை மட்டும் உருவாக்குகிறது. சிவகாசித் தினசரி நாட்காட்டியில் படம் அச்சிட்ட அட்டை மாறாமலிருக்க, தேதித்தாள் கட்டு மட்டும் அதன்மேல் பொருத்தப்படுவதைப் போல, அடிப்படைத் தொகுப்பு தீண்டப்படாமலிருக்க நீட்சிகள் அதன்மேல் வந்து அமர்கின்றன. ஐம்பது நீட்சிகள் ஏறியிருந்தாலும், அவற்றில் எந்தப் பகுதி அழைக்கப்படுகிறதோ அதுவே வட்டிலிருந்து வாசிக்கப்பட்டு விரிக்கப்படுகிறது என்பதால், ஒரு ஜிகாபைட் நினைவகம் உள்ள பழைய கணினியும் மூச்சுத் திணறுவதில்லை.

ஒரு நீட்சிக்கு வேறெந்த நீட்சிகள் துணை என்பதை அதனுடன் வரும் சார்புக் கோப்பு சொல்கிறது. துவங்கும்போதே ஏற வேண்டியவற்றின் பெயர்கள் 'ஆன்பூட்' என்னும் பட்டியலில் வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வரியை நீக்கினால் மறுதுவக்கத்தில் அம்மென்பொருள் ஏறாது. வரியைத் திரும்ப எழுதினால் வந்துவிடும். விண்டோஸில் ஒரு மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் எச்சங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்பதைக் கண்டு சலித்தவர்களுக்கு இந்தத் தூய்மை பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை.

வட்டு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

ஒவ்வொரு துவக்கத்திலும் புத்தம்புதிதாக எழும் இயங்குதளம் என்று டைனி கோரின் ஆவணங்கள் பெருமையாகச் சொல்கின்றன. அந்தக் கூற்றை நிதானித்துப் படிக்க வேண்டும். ஏனெனில் புதிதாக எழுவது என்பதற்குள் பழையதை மறப்பதும் அடங்கியிருக்கிறது. டிசிஇ அடைவு எங்கே என்று, துவங்கும்போது இயங்குதளத்துக்குத் தரப்படும் துவக்கக் குறியீட்டில் சொல்லப்படாவிட்டால், இயங்குதளம் இணைந்துள்ள வட்டுப் பிரிவுகளைத் துழாவி அந்தப் பெயருள்ள அடைவைத் தேடுகிறது. யூஎஸ்பி வழி இணைத்த தனி வட்டு விழித்தெழச் சில விநாடிகள் ஆகும் என்பதால், அதற்குள் தேடல் முடிந்துபோவதுண்டு. அடைவு அகப்படாதபோது இயங்குதளம் நினைவகத்திலேயே தற்காலிக அடைவு ஒன்றை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. அந்த நிலையில் இறக்கப்படும் மென்பொருள் அன்று ஒழுங்காக இயங்கி, கணினி அணைந்ததும் மறைகிறது. நேற்று இறக்கியதை இன்று காணவில்லை என்னும் கடிதங்களுக்கு இதுவே பெரும்பாலும் விடை.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' ஆகிய பெயர்கள் வட்டு கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தவை என்பதால், வேறொரு பென்டிரைவ் செருகியிருக்கும் நாளில் நேற்றைய 'எஸ்டிபி' இன்று 'எஸ்டிசி' ஆகிவிடக்கூடும். இதற்குத் தீர்வு, வட்டுப் பிரிவை வடிவமைக்கும்போதே அதற்குக் கிடைக்கும் யூயூஐடி என்னும் மாறாத அடையாள எண்ணைத் துவக்கக் குறியீட்டில் 'டிசிஇ=' என்பதற்குப் பின் குறிப்பதும், 'வெயிட்யூஎஸ்பி=5' என்று சேர்த்து வட்டுக்காக ஐந்து விநாடி காத்திருக்கச் செய்வதும் ஆகும். 'டிசிஇ', 'வெயிட்யூஎஸ்பி' ஆகியவை தட்டச்சில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அமைய வேண்டும். எண்ணுக்கு முன் இடும் 'யூயூஐடி=' என்பது பெரிய எழுத்துகளிலும், அடையாள எண் இருந்தபடியேயும் தரப்பட வேண்டும்.

பாதுகாப்பு நோக்கில் இந்தத் தானியங்கித் தேடல் இன்னும் கவலை தருவது. நீட்சி ஏறும்போது அதனுள் இருக்கும் தொடக்க நிரல் முழு நிர்வாக உரிமையோடு இயங்குகிறது என்பதால், இடம் குறிக்கப்படாத கணினியில் எவரோ செருகிவிட்டுப்போன பென்டிரைவில் அதே பெயருள்ள அடைவு இருந்தால், அதிலுள்ளவை கேள்வியின்றி ஏற வாய்ப்புண்டு. நீட்சியோடு வரும் எம்டி5 சரிபார்ப்பு எண்ணைப் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதுண்டு. எம்டி5 முறையின் பலவீனம் 2004லேயே வெளிப்பட்டுவிட்டது என்பதோடு, கோப்பும் எண்ணும் ஒரே வழங்கியிலிருந்து வருவதால், அது பதிவிறக்கத்தில் நேரும் சிதைவைக் காட்டுமேயன்றி வேண்டுமென்றே செய்யப்படும் மாற்றத்தைத் தடுக்காது.

மின்வெட்டு வந்தால் எது பிழைக்கும்?

கடைக்காரர்கள் அதிகம் எண்ணிப்பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். நீட்சிகள் வாசிக்க மட்டுமே இயலுபவை என்பதால் திடீர் மின்தடையில் அவை எளிதில் பழுதாவதில்லை. ஆனால் பயனரின் கோப்புகள் சேரும் வீட்டு அடைவு இயல்பு நிலையில் நினைவகத்தில்தான் இருக்கிறது. கணினியை முறைப்படி அணைக்கும்போது, காப்புப் பட்டியலில் குறிக்கப்பட்ட அடைவுகளை இயங்குதளம் 'மைடேட்டா' என்னும் ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டி டிசிஇ அடைவில் வைத்து, மறுநாள் அதை அவிழ்த்துக்கொள்கிறது. காலை பத்து மணியிலிருந்து ஆர்டர்களைப் பதிந்துகொண்டிருக்கும் கடையில் பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போனால், மீண்டும் துவங்கும் கணினியில் மென்பொருள்கள் அனைத்தும் ஒழுங்காக இருக்கும், ஆனால் அந்த ஐந்து மணி நேரக் கணக்கு இருக்காது. நீட்சிகளைத் தனி வட்டில் வைத்துவிட்டதால் கணக்கும் அங்கே சேமிக்கப்படுகிறது என்று நம்புவது இவ்வமைப்பைப் பற்றிய மிக ஆபத்தான தவறான புரிதல்.

இதைத் தவிர்க்க, 'ஹோம்=' என்னும் துவக்கக் குறியீட்டால் வீட்டு அடைவை வட்டிலேயே நிலையாக அமைக்கலாம்; அப்போது எழுதுவது சற்று நேரத்தில் வட்டுக்குச் சென்றுவிடுவதால், கடைசி நொடிகளில் சேமித்தவை தவிர மற்றக் கோப்புகள் மின்தடைக்குப் பிறகும் கிடைக்கும். அப்படி அமைத்தபின் சுருக்கக் காப்புப் பட்டியலிலிருந்து வீட்டு அடைவை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அணைக்கும் ஒவ்வொரு முறையும் அது முழுவதும் கட்டப்பட்டும் துவங்கும்போது அவிழ்க்கப்பட்டும் நேரம் வீணாகும். பழைய நகல் புதியதன்மேல் எழுதப்படும் அபாயமும் உண்டு. மென்பொருளும் கணக்கும் ஒரே வட்டில் இருக்குமானால் அந்த வட்டின் ஆயுளே இரண்டின் ஆயுளும் என்பதால், டிசிஇ அடைவையும் வீட்டு அடைவையும் முழுதாக வேறொரு பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது கட்டாயம். இரண்டிலும் இருப்பவை வெறும் கோப்புகளே ஆகையால், அந்த வேலைக்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

மற்ற கேள்விகள்

இயங்கும்போது வட்டைப் பிடுங்கலாமா? கூடாது, 'காப்பி2எஃப்எஸ்' என்னும் குறிக் கோப்பை இட்டு நீட்சிகளை முழுதாக நினைவகத்துக்கு ஏற்றி, வட்டை முறைப்படி விடுவித்த பிறகே கழற்றலாம், அதற்கு நினைவகம் போதுமானதாக இருக்க வேண்டும்.

எந்தக் கோப்பு முறைமை? இஎக்ஸ்டி4.

ஒரே வட்டை இரண்டு கணினிகளுக்குப் பயன்படுத்தலாமா? இரண்டிலும் டைனி கோரின் பதிப்பும் 32 அல்லது 64 பிட் வகையும் ஒன்றாக இருந்தால் மட்டும்.

பப்பி லினக்ஸ் இதற்கு மாற்றா? ஆஸ்திரேலியரான பாரி கௌலர் 2003இல் தொடங்கிய அதுவும் எஸ்எஃப்எஸ் கோப்புகள் வழியே இதைப் போன்ற இணைப்பு முறையைப் பின்பற்றுகிறது. புதியவர்களுக்குச் சற்று எளிது.

பேஜ்மேக்கர், கோரல்டிரா இயங்குமா? நேரடியாக இயங்கா, அச்சகத்தின் வடிவமைப்புக் கணினிக்கு இது மாற்றாகாது.

தமிழ் எழுத்துருக்கள்? யுனிகோடு எழுத்துருக்களை வீட்டு அடைவில் வைக்கலாம். பாமினி முதலிய பழைய குறியாக்கங்களில் அடித்த கோப்புகளை விண்டோஸ் இருக்கும்போதே யுனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

இணையவழி வங்கி வேலை? ஃபயர்ஃபாக்ஸ் 145ஆம் பதிப்பு முதல் 32 பிட் லினக்ஸுக்கான ஆதரவை மொசில்லா நிறுத்திவிட்டதால், 32 பிட் கணினியில் வேண்டாம்.

கெடுவுக்கு முன் செய்ய வேண்டியது? ஆர்டர் குறைவாக உள்ள மாதத்தில் ஒரு முறை தனி வட்டைச் செருகாமலும், ஒரு முறை வேலையின் நடுவே மின்சுவிட்சை அணைத்தும் கணினியைத் துவக்கிப் பார்த்து, இரண்டு சோதனைகளுக்குப் பிறகும் எந்தக் கணக்கு முழுமையாக மிஞ்சுகிறதோ அதை மட்டும் அந்தக் கணினியில் ஒப்படைக்க வேண்டும்.