கோப்பினை வரிவரியாய் வாசித்தல்

ஏட்டினை வரிவரியாக வாசித்தல் நமக்கு எளிது. கணினிக்கோ வரி என்பதே இல்லை. அது காண்பது இடையறாத பைற்றுத் தொடர் ஒன்றே. அத்தொடரில் 10 என்னும் எண் வருமிடத்தை வரியின் முடிவெனக் கொள்வது யுனிக்ஸ் மரபு. அதற்கு முன் 13 என்பதையும் இடுவது விண்டோஸ் மரபு. ஆதலின், சி மொழியில் வரி வாசிக்கும் சார்பொன்றை எழுதப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்ளும் வினா, வரியின் நீளம் எவ்வளவு என்பதே. வாசித்து முடிக்கும்வரை அதற்கு விடையில்லை. இடத்தையோ வாசிக்குமுன்பே ஒதுக்கல் வேண்டும்.

இவ்வினாவைக் கேளாமலே விட்டது 'கெற்ஸ்' என்னும் பழைய நூலகச் சார்பு. ஒதுக்கிய இடத்தின் அளவு அதற்குக் கூறப்படுவதில்லை. வரி நீண்டால் அடுத்துள்ள நினைவகத்தின் மேலும் எழுதிச் செல்லும். 1988 நவம்பர் 2 ஆம் நாள் பரவத் தொடங்கிய மொறிஸ் புழு நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று. 512 பைற்றுக்கள் கொள்ளும் இடத்துக்கு அதனிற் கூடுதலானவற்றை அனுப்பி, அயற் கணினியைத் தன் ஆணைக்கு உட்படுத்தியது அப்புழு. எனினும், 2011 ஆம் ஆண்டுத் தரத்திலேயே கெற்ஸ் நீக்கப்பட்டது. இத்துணைத் தாமதம் பொறுக்கத்தக்கதன்று என்பது எம் கருத்து.

'எவ்கெற்ஸ்' அளவு கேட்கும். 100 இடங்கள் கொடுத்தால் 99 குறிகளுக்கு மேல் வாசியாது. எஞ்சியதைச் சுழியத்துக்கு வைக்கும். ஆயின் நீண்ட வரி துண்டுபடும். கிடைத்தது முழுவரியோ துண்டோ என்பதை ஈற்றிற் புதுவரிக் குறி உண்டா என நோக்கி அறியலாம். கோப்பின் கடைசி வரிக்கு அக்குறி இல்லாதிருத்தலும் கூடும்.

முழுவரியே வேண்டுவோர், 128 இடங்களுடன் தொடங்கி 'கெற்சி'யினால் ஒவ்வொரு குறியாக வாங்கி, இடம் நிரம்புந்தோறும் அதனை இருமடங்காக்குக. 128 ஆகவே கூட்டிச் சென்றால் என்ன? பத்து இலட்சம் குறிகள் கொண்ட வரியொன்றுக்கு, ஒவ்வொரு முறையும் இடம்பெயர நேரின், ஏறத்தாழ 390 கோடி குறிகளைப் பெயர்த்தெழுத வேண்டும். இருமடங்காக்கின் பத்தரை இலட்சமளவே.

கெற்சி தருவதைச் 'சார்' வகையில் வையாது 'இன்ற்' வகையில் வைக்க. அன்றேல், கோப்பின் முடிவைக் காட்டும் எதிரெண் 255 என்னும் பைற்றோடு மயங்கும். இடத்தைப் பெருப்பிக்கும் 'றீஅலொக்' தோல்வியுற்றால் வெறுஞ்சுட்டியைத் தரும். அதனைப் பழைய சுட்டியிலேயே இட்டவர் அதுகாறும் வாசித்தவற்றின் முகவரியையும் இழப்பர். வேறொரு சுட்டியில் வாங்கிச் சோதித்தல் முறை.

2008 ஆம் ஆண்டுப் போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்ற 'கெற்லைன்' இப்பணி முழுவதையும் தானே செய்யும். அது பெற்ற இடத்தை விடுவித்தல் மாத்திரம் அழைத்தவர் கடன். அதுவும் வரிதோறுமன்று, இறுதியில் ஒருமுறை.