ஆவுளியாவின் வரவு செலவு

பாக் விரிகுடாவில் நீர் தெளிந்திருக்கும் நாளில் கடற்புல் வெளிக்குள் மூழ்கிப் பார்த்தால், பச்சைக்கு நடுவே வெறும் மணலாய் வளைந்து வளைந்து போகும் தடங்கள் கண்ணில் படலாம். கடற்பசு மேய்ந்த வழி அது. முள்மயிர் அடர்ந்த தடித்த மேலுதட்டால் மணலைக் கிளறி, புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். நாளொன்றுக்கு 30, 40 கிலோகூட உள்ளே போகும். இந்தக் கரை மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள்.

இன்றிருக்கும் நில விலங்குகளில் யானை இதற்கு நெருங்கிய சொந்தம். வளர்ந்த ஆணுக்குச் சிறு தந்தம் முளைக்கிறது. தாய்க்குக் காம்பு, யானைக்கு இருப்பதுபோலவே, மார்புப் பக்கம், துடுப்பை ஒட்டி. எலும்புகள் கெட்டியாகக் கனத்தவை. நுரையீரலில் காற்றை வைத்துக்கொண்டே அடியில் நின்று மேய அந்தப் பளு உதவுகிறது. ஆனால் சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும்.

கடற்புல் வளர்வது வெயில் எட்டும் ஆழமில்லாத கடலில். மீன், நண்டு, இறால் எல்லாம் அங்கேதான், வலையும் அங்கேதான். செவுள் வலையில் சிக்கிய ஆவுளியா, நீருக்குள் வாழ்ந்த பிராணியாக இருந்தும், மூச்சு முட்டிச் சாகிறது.

அப்படிச் சாவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதைத் தந்தம் சொல்லும். அதை அறுத்து உள்ளிருக்கும் வளையங்களை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். 70ஐத் தாண்டியவையும் உண்டு. ஆயுள் நீளம், பிள்ளைப்பேறோ அபூர்வம். முதல் கன்றுக்கே பல பசுக்கள் 10 வயதைக் கடந்துவிடும். சினைக்காலம் 13, 14 மாதம். ஈனுவது பெரும்பாலும் ஒரே கன்று, அடுத்ததற்கு 3 முதல் 7 ஆண்டு. எல்லாம் கூடிவந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்குமேல் பெருகாது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நூறு இருக்கும் கடலில் வருடத்துக்கு ஏழெட்டு வலையில் போனால், கூட்டம் தேய்வதை எந்த நல்ல மேய்ச்சலும் தடுக்காது.

சட்டத்தில் குறையில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குள்ள அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதல். ஆனால் நடுக்கடலில் வலையோடு நிற்பவர் வனக்காவலர் அல்ல, மீனவர். உயிரோடு சிக்கியதை விடுவிக்க அவர் தன் வலையை அறுத்தாக வேண்டும், அன்றைய பாட்டையும் இழக்க வேண்டும். அப்படி விடுவிப்பவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. இவ்வளவு திட்டங்களில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அந்தத் தொகைதான். கிழிந்த வலையின் விலைக்குக் குறையாமல், தாமதமில்லாமல் கைக்கு வந்தால்.