உப்பின் தாகம்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை மதிலருகே கொஞ்ச நேரம் நின்றால் போதும், கடற்காற்றில் கை பிசுபிசுக்கும். ஐப்பசி மழையில் இந்தக் கரையோர வீடுகளில் உப்புச் சாடியும் கசியும். சமையல் உப்போடு ஒட்டிவரும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தைக் குடிப்பதால் வரும் வினை அது. பக்கத்துக் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், ஈரம் பட்டால் கெட்டுப்போகும் இன்னோர் உப்பை வைத்து ஆராய்கிறார்கள். அதன் பெயர் லாந்தனம் குளோரைடு. லாந்தனம் ஓர் அருமண் உலோகம்; மணவாளக்குறிச்சிக் கடல்மணலின் மோனசைட்டில் இருப்பது.

உப்பைச் செய்வது எளிது. லாந்தனம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துச் சுண்டவைத்தால் படிகம் விழும். உலர்த்துவதில்தான் சிக்கல். படிகத்தில் ஒரு மூலக்கூறு உப்புக்கு ஏழு மூலக்கூறு தண்ணீர் பிணைந்திருக்கிறது. சட்டியில் வறுத்து விரட்டிவிடலாம் என்று இறங்கினால் காரியம் கெடும். சூட்டில் அந்தத் தண்ணீரே உப்பைத் தாக்கி, குளோரினில் ஒரு பகுதியை அமில ஆவியாகக் கிளப்பிவிட்டு, தன் ஆக்சிஜனை அங்கே உட்காரவைத்துவிடும். மிஞ்சுவது ஆக்சிகுளோரைடு; தண்ணீரிலும் கரையாது, உருகிய உப்பிலும் கரையாது.

இதற்கு மருந்து ஈயம் பூசுகிறவரிடம் இருக்கிறது: நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. காய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் அவர் அதைத் தேய்த்ததும் வெண்புகை எழும், களிம்பு குளோரைடாகிக் கழன்றுவிடும். ஆய்வகத்திலும் அதே வேதியியல். லாந்தனம் ஆக்சைடோடு நவச்சாரத்தைத் தாராளமாகக் கலந்து 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் சூடாக்கினால், ஆக்சிஜன் தண்ணீராக வெளியேறும், அதன் இடத்துக்குக் குளோரின் வரும், அம்மோனியா நெடியும் கூடவே கிளம்பும். பிறகு வெற்றிடத்தில் 400 டிகிரி வரை கொண்டுபோனால் மிச்ச நவச்சாரம் ஆவியாகிவிடும். கையில் கிடைப்பது நீரற்ற வெள்ளை உப்பு. அது உருகச் சுமார் 860 டிகிரி வேண்டும். அதன் அருமண் பங்காளிகளில் பிரசியோடைமியம் குளோரைடு வெளிர்பச்சை, நியோடைமியம் குளோரைடு இளம் ஊதா.

கல்பாக்கத்துக்கு இது எதற்கு? அங்கே 1985 அக்டோபர் 18 அன்று சோதனை வேக ஈனுலை உயிர்பெற்றது. அப்படிப்பட்ட உலைகளுக்கான உலோக எரிபொருளை, எரிந்தபின் மீட்கும் வழியொன்றை ஆராய்கிறார்கள். லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உருகலில், சுமார் 500 டிகிரியில் மின்சாரம் செலுத்தினால், யுரேனியம் எதிர்மின்வாயில் படியும். அணுப்பிளவில் பிறந்த லாந்தனமும் சீரியமும் குளோரைடுகளாக உப்பிலேயே தங்கிவிடும். குளோரினைக் கைவிட யுரேனியத்துக்கு இருக்கும் மனம் அவற்றுக்கு இல்லை. அவை எந்த மின்னழுத்தத்தில் இளகும் என்று தெரிந்தால்தான் பிரிப்பைத் திட்டமிட முடியும். அதை அளக்கத்தான் சுத்தமான, நீரற்ற உப்பு தேவை. துளி ஈரம் புகுந்தால் ஆக்சிகுளோரைடு வண்டலாகி அளவீடே பிசகும். அதனால் எடைபோடுவது முதல் உருக்குவது வரை, உலர்ந்த ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறைவழியே கைவிட்டுத்தான் செய்கிறார்கள்.