பல்லுக்குப் பல் பொருந்துமா?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மாதிரி லிஃப்ட் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். பொம்மை மோட்டாரின் அச்சில் நூலைக் கட்டி, மறுமுனையில் அட்டைப் பெட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். மின்கலத்தை இணைத்ததும் மோட்டார் முனகும், பெட்டி நகராது. மோட்டார் கெட்டுவிட்டதென்று வேறொன்று வாங்க ஓடுவார்கள். குற்றம் மோட்டாருடையது அன்று. அதனிடம் வேகம் மிகுதி, முறுக்குவிசை குறைவு. வேகத்தைக் கொடுத்து முறுக்குவிசையைப் பெறத்தான் பற்சக்கரங்கள்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று, அதாவது விநாடிக்கு 100 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். நூல் சுற்றும் உருளையின் விட்டம் 2 செ.மீ. என்றால் சுற்றளவு 6.28 செ.மீ. உருளையை நேரே மோட்டாரில் பொருத்தினால் பெட்டி விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல் பாய வேண்டும்! நமக்கு 10 செ.மீ. போதும். ஆகவே வேகத்தை ஏறத்தாழ 60-இல் ஒரு பங்காக்க வேண்டும்.

மோட்டார் அச்சில் 12 பற்களுள்ள சிறு சக்கரம் இருக்கட்டும். இதைப் பட்டறையில் பினியன் என்பார்கள். ஒரே இணையில் வேலையை முடிக்க 720 பற்களுள்ள சக்கரம் வேண்டும். அது லிஃப்டைவிடப் பெரியதாகிவிடும்! இரண்டு படிகளாகச் செய்யுங்கள். 12 பல் பினியன் 96 பல் சக்கரத்தைச் சுழற்றட்டும். வேகம் 8-இல் ஒரு பங்கு. அதே அச்சில் இன்னொரு 12 பல் பினியன், அது இன்னொரு 96 பல் சக்கரத்தை. 8 × 8 = 64. உராய்வில் கொஞ்சம் இழந்தாலும் முறுக்குவிசை பல மடங்கு பெருகிவிடும். இரண்டு சக்கரங்களுக்கு இடையில் மூன்றாவது ஒன்றைச் செருகினால் வேகம் மேலும் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையாது, சுழலும் திசைதான் மாறும்.

இனிக் கடைக்குப் போவோம். பற்களின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதாது என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை பழைய இரும்புக் கடையில் 20 பல், 40 பல் சக்கரங்கள் இரண்டை வாங்கி வந்து ஆய்வுக்கூடத்தில் பொருத்தினேன். பார்வைக்குப் பற்கள் ஒரே அளவு. ஓட்டினால் அரவை இயந்திரம் போல் ஒரே இரைச்சல். சில நாட்களில் பினியனின் பற்கள் தேய்ந்து கூராகிவிட்டன. அப்புறம்தான் அளந்து பார்த்தேன். ஒன்று மில்லிமீட்டர் கணக்கில் வெட்டியது, மற்றது அங்குலக் கணக்கில் வெட்டியது!

பல்லின் அளவைக் குறிக்கும் எண்ணுக்கு மாட்யூல் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க உங்கள் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியே போதும். சக்கரத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பற்களின் எண்ணிக்கையுடன் 2 கூட்டி, அதனால் வகுங்கள். 40 பற்களும் 42 மி.மீ. விட்டமும் இருந்தால் 42 ÷ 42, மாட்யூல் 1. என்னுடைய 40 பல் சக்கரம் 44.45 மி.மீ. இருந்தது, விடை 1.058. அது ஓர் அங்குல விட்டத்துக்கு 24 பல் என்ற ஆங்கில அளவு. இந்தச் சிறு வேறுபாடுதான் பற்களைத் தின்றது. பற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின் ஒரு பல்லுக்கு நேரெதிரே பள்ளம் இருக்கும். அளவு சற்றுக் குறைவாகவே காட்டும். சிறு பினியன்களைச் சில சமயம் வேண்டுமென்றே பருமனாக வெட்டுவதால், பெரிய சக்கரத்தை அளப்பதே நல்லது.

லிஃப்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. திருகு போன்ற வார்மும் அதற்குரிய 60 பல் சக்கரமும் இருந்தால், ஒற்றைப் புரி வார்ம் ஒரே படியில் 60-இல் ஒரு பங்காக்கிவிடும். ஆற்றல் உராய்வில் நிறையவே வீணாகும். ஆனாலும் லிஃப்டுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். மின்சாரத்தை நிறுத்தினால் பெட்டி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். சாதாரணப் பற்சக்கரங்களாயின், கனமான பெட்டி மோட்டாரையும் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு கீழே இறங்கிவிடக்கூடும். வார்மையும் சக்கரத்தையும் இணையாகவே வாங்குங்கள்.

பற்சக்கரங்களைப் பொருத்தும்போது இரு அச்சுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம்? பற்களைக் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, இரண்டால் வகுங்கள். மாட்யூல் 0.5 என்றால், 12-க்கும் 96-க்கும் 27 மி.மீ. சக்கரங்கள் இறுகிப் பிடிக்காதிருக்கப் பட்டறைக்காரர்கள் ஓர் எளிய உத்தி செய்கிறார்கள்: பற்களுக்கிடையே மெல்லிய காகிதத் துண்டை வைத்து அச்சுகளை நெருக்கி முடுக்கிவிட்டு, காகிதத்தை உருவி எடுத்துவிடுவார்கள்.