பாவும் ஊடையும் சேருமிடத்தில் ஒரு பெருக்கல்

சோமனூர் விசைத்தறியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கிடும் இடத்தை உற்றுப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க்குக்கென்று செய்யப்படும் புதுவகைச் சில்லின் அமைப்பும் ஏறக்குறைய அதுதான். கிடையாகச் சில கம்பிகள், நெடுக்காகச் சில கம்பிகள், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மெம்ரிஸ்டர்.

தன் வழியே ஓடிய மின்சாரத்துக்கேற்ப மின்தடையை மாற்றிக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதை மறக்காத உறுப்பு இது. இப்படியோர் உறுப்பு இருக்க முடியும் என்று 1971இல் பொறியாளர் லியோன் சுவா கணிதமாகச் சொன்னார். 2008இல் எச்.பி. ஆய்வகம் செய்து காட்டியது.

இந்தச் சில்லின் பெரிய ஆதாயம் மின்சார மிச்சம். அது எப்படி? வழக்கமான கணினியில் நினைவகம் ஓரிடம், கணக்குப் போடுவது வேறிடம். எண்களை ஏற்றி இறக்குவதிலேயே பெரும்பங்கு மின்சாரம் போய்விடுகிறது. தறி மீட்டரை யூனிட் யூனிட்டாக எண்ணிப் பழகியவர்களுக்கு இந்த வீணடிப்பின் வலி புரியும். மெம்ரிஸ்டரிலோ எண் சந்திப்பிலேயே குடியிருக்கிறது, மின்கடத்துதிறனாக. கடத்துதிறன் 3 மைக்ரோசீமன்ஸ், கொடுத்தது 0.2 வோல்ட் என்றால், ஓடுவது 0.6 மைக்ரோஆம்பியர். ஓம் விதியே பெருக்கிவிட்டது! அதே நெடுக்குக் கம்பியில் இன்னொரு சந்திப்பிலிருந்து 0.4 வந்து சேர்ந்தால் அடியில் 1.0. கூட்டலும் தானாக முடிந்தது. நியூரல் நெட்வொர்க்கின் வேலையில் பெரும்பகுதி இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான்.

கடினமான இடம், தடையை வேண்டிய அளவில் துல்லியமாக நிறுத்துவது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,500 நிலைகளைப் பிடித்து நிறுத்தியது. 2024இல் அது நேச்சர் இதழில் வந்தது. என்னை மிகவும் வியக்கவைத்தது அந்த எண்தான். அந்தப் படலத்தை ஒரு மேசைக் கணினியோடு இணைத்து, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவிலிருந்து ‘படைப்பின் தூண்கள்’ என்ற விண்வெளிப் படத்தையே உருவாக்கிக் காட்டினார்கள்.