வயல்வழிக் கல்வி – 11: புரட்டாசிப் பட்டத்தில் ஒரு பயிற்சி

2018ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்து வேளாண் ஆசிரியர்களுக்கு இரண்டு புது வரவுகள். கல்வியாண்டின் தொடக்கத்தில் பதினோராம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அந்த வருடத்து மானாவாரி மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு வந்தது.

பாடத்திட்டம் அரசாணையோடும் அச்சுப் புத்தகத்தோடும் வந்தது. புழு யாரையும் கேட்காமல் வந்தது. மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் முதலில் கண்டறியப்பட்டு, சில மாதங்களிலேயே தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. மக்காச்சோளப் பரப்பில் மாநிலத்தின் முன்னணியில் நிற்கும் பெரம்பலூர் கடுமையாக அடிவாங்கியது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்தப் பருவம் போனது.

வேளாண் அறிவியல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் அந்த விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். "சார், எங்க காட்டுல குருத்துக்குள்ள மரத்தூள் மாதிரி கெடக்கு. அப்பா ரெண்டு தடவ மருந்து அடிச்சிட்டாரு, சாகல. என்ன சார் பண்றது?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், ஆசிரியர் எதைப் பார்த்துப் பதில் சொல்வார்? அதற்கு முன்பே அச்சுக்குப் போன புத்தகத்தில் அந்தப் புழுவைத் தேடிப் பயனில்லை. அவர் படித்த காலத்தில் அந்தப் பூச்சி இந்தியாவிலேயே கிடையாது.

கணித ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பித்தாகரஸ் தேற்றத்தை எந்தப் புழுவும் தின்பதில்லை. வேளாண் ஆசிரியர் நடத்தும் பாடமோ வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அவருக்கான பணியிடைப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வாரக் கேள்வி. எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதைவிட எப்போது, எங்கே சொல்லித்தர வேண்டும் என்பதில்தான் விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ‘எப்போது’.

ஆசிரியர் பயிற்சி என்றதும் நிர்வாகத்துக்கு நினைவு வருவது கோடை விடுமுறை. பாடவேளை கெடாது, வகுப்பறை காலியாக இருக்கும். ஆனால் பெரம்பலூரின் கரிசல் காடு மே மாதத்தில் வெடித்துக் கிடக்கும். வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போனால் பார்ப்பதற்குப் பயிர் இருக்காது. இங்கே மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பிய வெள்ளாமை. புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் விதைத்தால் கார்த்திகையில் பூவெடுத்து, தையில் அறுவடைக்கு வரும். மே மாதப் பயிற்சியில் படைப்புழுவைக் காட்ட வேண்டுமென்றால் திரையில் ஒளிப்படம்தான் காட்டலாம். தலையில் தலைகீழ் ‘ஒய்’ வடிவக் கோடு, வாலுக்கு அருகில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்று ஆசிரியர் குறித்துக்கொள்வார். ஐப்பசியில் ஒரு பையன் தீப்பெட்டியில் புழுவைக் கொண்டுவந்து நீட்டினால் அடையாளமும் கண்டுவிடுவார்.

ஆனால் அடையாளம் காண்பதோடு வேலை முடிவதில்லை. இந்தப் புழு முட்டையிலிருந்து வெளிவந்த முதல் சில நாட்கள் இலையைச் சுரண்டித் தின்னும். இலையில் கண்ணாடி போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். பிறகு குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மேலாக அடிக்கும் மருந்து அதன்மேல் படாது. மேலே கேட்ட பையனின் அப்பாவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். திட்டு தெரியும் நாளுக்கும் குருத்து அடைபடும் நாளுக்கும் இடையே உள்ள சில நாட்கள்தான் விவசாயியின் வாய்ப்பு. அந்த இடைவெளியை ஒளிப்படத்தில் காட்ட முடியாது. வாரா வாரம் ஒரே வயலில் கால் வைத்தவருக்குத்தான் அது பிடிபடும்.

இதை முன்பே கண்டுகொண்ட நாடு இந்தோனேசியா. அங்கே நெல்லைப் புகையான் பூச்சி அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பெருகியது, ஏனென்றால் அதைத் தின்னும் சிலந்திகளும் மருந்தில் செத்தன. 1986ல் அந்நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். 1989ல் உலக உணவு, வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விவசாயிகள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு காலைப்பொழுது வயலில் கூடினார்கள். நடுவில் பயிரை வரைந்து, ஒருபக்கம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சிகளையும் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுத்தார்கள். நம்மூரில் அட்மா என்னும் வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் நடக்கும் பண்ணைப் பள்ளிகளுக்கு மூலம் இதுதான்.

அந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. விவசாயிக்குச் சொல்லித்தரப் போகும் பயிற்றுநர்களும் முதலில் ஒரு பருவம் முழுக்கச் சேற்றில் இறங்கி, நாற்று விட்டதிலிருந்து அறுவடை வரை தாங்களே நெல் விளைவிக்க வேண்டியிருந்தது. விளைவித்துப் பார்த்தவரே சொல்லித்தரலாம் என்பது அங்கே விதி.

பள்ளிக்கூட அளவில் அமெரிக்காவில் 1917லேயே இதற்கொரு சட்டம் வந்துவிட்டது. வேளாண்மை படிக்கும் மாணவர் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் கண்காணிப்போடு பண்ணையில் பயிற்சி பெற வேண்டும் என்று ஸ்மித்–ஹியூஸ் சட்டம் சொன்னது. மேற்பார்க்கும் ஆசிரியர் மாணவர்களின் பண்ணைகளுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அங்கேயே அவருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி நடந்துவிட்டது.

இனி ‘எங்கே’.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் வேளாண் அறிவுக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூரில் வாலிகண்டபுரத்தில் ரோவர் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. அரியலூரில் சோழமாதேவியில் கிரீடு நிறுவனத்தின் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. வேப்பந்தட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம். அரியலூரின் முந்திரிக்காரர்களுக்கு எட்டும் தொலைவில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம்.

வேளாண் அறிவியல் மையம் என்ற ஏற்பாட்டுக்கே பள்ளிக்கூடத்தோடு ஓர் உறவு உண்டு. 1964–66ல் கோத்தாரி கல்விக் குழு, கிராமத்துப் பிள்ளைகளுக்காக வேளாண் பாலிடெக்னிக்குகள் தொடங்கச் சொன்னது. அந்த எண்ணம்தான் பேசிப் பேசி உருமாறி, 1973ல் மோகன் சிங் மேத்தா குழுவின் கைக்கு வந்து, 1974ல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையமாக முளைத்தது. அதை நடத்தும் பொறுப்பு நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தரப்பட்டது. மேல்நிலைப் பள்ளியின் வேளாண் வகுப்பும் இந்த மையமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

வளர்ந்த பிறகு இரண்டும் வேறு வேறு துறைகளுக்குப் போய்விட்டன. பள்ளி பள்ளிக்கல்வித் துறையிடம்; மையம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ். மையங்கள் பயிற்சி தரும் பட்டியலில் மூன்று வகையினர் உண்டு: விவசாயிகளும் பண்ணை மகளிரும், கிராமப்புற இளைஞர்கள், விரிவாக்கப் பணியாளர்கள். பள்ளி வேளாண் ஆசிரியருக்கென்று தனித் தலைப்பு இல்லை. அவரிடம் இரண்டு வருடம் படிக்கும் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பிக் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார்கள். எந்த விரிவாக்கப் பணியாளரையும்விட அதிக நேரம் அவர்களோடு இருப்பவர் அவர். மூன்றாவது வகையில் அவரையும் சேர்த்துக்கொள்வதற்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ வேண்டியதில்லை.

தெளிப்பான் என்றதும் 2017ஐச் சொல்லாமல் கடக்க முடியாது. அந்த ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் உயிரிழந்தார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் இதே கொடுமை. ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று, முகத்துக்கு நேராக, கையுறையோ முகமூடியோ இல்லாமல் தெளிப்பதில் இருக்கும் ஆபத்தை அந்த ஆண்டு நாடே பார்த்தது. மருந்துப் புட்டியின் மேல் ஒரு சாய்சதுரமும் அதன் பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பாடம் இது. ஆனால் காற்றடிக்கும் திசை பார்த்து நிற்பதும், இரண்டு மூன்று மருந்துகளைக் கண்ணளவில் கலக்காமல் இருப்பதும், உச்சிவெயிலில் தெளிக்காமல் இருப்பதும் கையோடு பழக வேண்டியவை. தான் பழகாததை ஆசிரியர் எப்படிப் பழக்குவார்?

சரி, நடைமுறைக்கு வருவோம். ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. கொள்கையை விட்டுவிட்டு அந்த 50 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தின் வயது ஏறக்குறைய 105 நாள், அதாவது 15 வாரம். வாரம் ஒரு பிற்பகல், 3 மணி நேரம் என்றால் 45. மிச்சம் 5 மணி நேரத்தைத் தொடக்கத்தில் மண் பரிசோதனைக்கும் முடிவில் வரவு செலவுக் கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பருவமும் ஓர் ஆண்டுப் பயிற்சியும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

புரட்டாசியில் கடைசி உழவோடு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பு ஓரத்தில் தட்டைப்பயறும் எள்ளும். ஐப்பசியில் வாராவாரம் வயலுக்குள் நடந்து செடி எண்ணுதல், இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிக் கணக்கு. கார்த்திகையில் பூவெடுக்கும்போது என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடுவது. தையில் களத்து மேட்டில் மகசூலும் விலையும். அரையாண்டுத் தேர்வு நடுவில் வந்தால் ஒரு வாரம் தள்ளிக்கொள்ளலாம். தொழிற்கல்விப் பிரிவில் செய்முறைப் பாடவேளை ஏற்கெனவே இருப்பதால் மாணவர்களையும் அதே வயலுக்கு அழைத்துப் போகலாம். ஒரு ஒன்றியத்து ஆசிரியர்களும் மையத்து விஞ்ஞானி ஒருவரும் ஒரே வயலில் நிற்க, வயலுக்குச் சொந்தக்காரரான விவசாயியும் கூட நின்றால் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

இதையே அப்படியே அரியலூருக்குத் தூக்கிக்கொண்டு போனால் வேலைக்காகாது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை செம்மண்ணில் முந்திரி. மார்கழி, தையில் பூக்கும். தேயிலைக் கொசு தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்குவது அப்போதுதான். கொட்டை பொறுக்குவது பங்குனி, சித்திரையில். பொதுத்தேர்வு நேரத்தில் எந்த ஆசிரியருக்கும் முந்திரித் தோப்புக்குப் போக முடியாது. ஆக, முந்திரிக்குப் பூக்காலத்தில் பாதி, கோடை விடுமுறையில் பாதி என்று பிரிக்க வேண்டும். மக்காச்சோளத்துக்குப் பயன்படாத அதே விடுமுறை இங்கே பயன்படுகிறது. கொள்ளிடக்கரைத் திருமானூரில் சம்பா நெல். அங்கே ஆவணியில் தொடங்க வேண்டும். இரண்டு மாவட்டம், குறைந்தது மூன்று பயிற்சி அட்டவணை. சென்னையிலிருந்து ஒரே சுற்றறிக்கையில் தேதி குறிக்க முடியாது என்பதுதான் இந்த யோசனையின் பலம். நிர்வாகத்துக்குப் பிடிக்காமல் போகக் காரணமும் அதுவே.

வேளாண் கல்லூரி மாணவர்களுக்குக் கிராமத் தங்கல் திட்டம் இருக்கிறது. இறுதியாண்டில் ஊரில் தங்கி, விவசாயியோடு நின்று கற்றுக்கொள்கிறார்கள். 22 வயதில் ஒருமுறை கிடைக்கும் அந்த வாய்ப்பு, 30 வருடம் பாடம் நடத்தப் போகிறவருக்கு நாற்பதிலும் ஐம்பதிலும் மறுபடி கிடைக்க வேண்டும். பயிற்சியின் முடிவில் சான்றிதழுக்குப் பதிலாக அந்தப் பருவத்து வயல் குறிப்பேட்டையே கணக்கில் எடுக்கலாம். எந்த வாரம் எத்தனை செடியில் புழு, எப்போது மருந்து அடித்தோம், எப்போது அடிக்காமல் விட்டோம், ஏக்கருக்கு என்ன செலவு, என்ன வரவு. அடுத்த ஜூனில் அந்தக் குறிப்பேடு வகுப்பறைக்குள் போகும்போது, பாடநூல் சொல்லாத ஒரு பாடம் அந்த ஊர்ப் பெயரோடும் அந்த ஊர் மழைக்கணக்கோடும் மாணவர்களுக்குக் கிடைக்கும்.

தொடங்குவதற்கு ஒரு ஒன்றியம் போதும். பருத்தி ஆராய்ச்சி நிலையம் தன் எல்லைக்குள்ளேயே இருப்பதால் வேப்பந்தட்டையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். புரட்டாசி வருவதற்குள் இரண்டு துறை அதிகாரிகள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். அதற்கு ஆடியிலேயே கடிதம் போக வேண்டும்.

(அடுத்த வாரம்: செட்டிகுளம் சின்ன வெங்காயப் பட்டறையில் ஒரு செய்முறை வகுப்பு)